புறநடையே விதியாயின்

இலக்கணம் கற்பிப்போர்க்கு நன்கு பழகிய சொல் புறநடை. நூலாசிரியன் விதிகளை வகுத்து முடித்தபின், அவற்றுள் அடங்காது நிற்கும் சிலவற்றுக்கு இடங்கொடுக்கும்பொருட்டு இறுதியில் வைக்கும் சூத்திரம் அது. விதி பெரும்பான்மைக்கு, புறநடை சிறுபான்மைக்கு. வந்த சொற்கள் யாவும் புறநடையாலேயே முடிவனவாயின், அங்கே விதி என ஒன்று இருப்பதாக வகுப்பிலுள்ள எந்த மாணவனும் ஒப்பான். யப்பான் நாட்டில், மூப்படைந்த அணுமின் உலைகளுக்கு அனுமதியைப் புதுப்பித்துக் கொடுக்கும் முறை இன்று இந்நிலையை எய்தியிருக்கிறது. இதனை நாம் எதிர்க்கிறோம். சிறப்பாக, புகுய் மாகாணத்துத் தகஹாமா நிலையத்தின் முதலாம் உலைக்கு அளிக்கப்பட்டுள்ள நீடிப்பையும், அதனை மேலும் நீட்டுதற்குத் திறந்துவிடப்பட்டிருக்கும் வழியையும் எதிர்க்கிறோம்.

நாற்பது ஆண்டு என்னும் எல்லை அந்நாட்டிற் பிறந்த வரலாறு துன்பம் நிறைந்தது. புகுஷிமா தைஇச்சி நிலையத்தின் முதலாம் உலை 1971 ஆம் ஆண்டு மார்ச் 26 ஆம் நாள் முறையாக மின்வழங்கத் தொடங்கியது. அதற்கு நாற்பது வயது நிறைவதற்குச் சில வாரங்களே இருந்தபோது, 2011 பெப்ரவரி 7 ஆம் நாள், அக்காலத்து அணுப் பாதுகாப்பு முகவரகம் உரிமையாளரின் பராமரிப்புத் திட்டத்தை ஆராய்ந்து ஏற்று, இன்னும் பத்தாண்டு இயக்கலாம் என ஒப்புதல் அளித்தது. முப்பத்திரண்டு நாள்கள் கழிந்தன. மார்ச் 11 ஆம் நாள் பிற்பகல் 2.46 மணிக்கு நிலம் நடுங்கிற்று. ஒரு மணி நேரத்துக்குள் கடல் எழுந்து வந்தது. அவசரகால மின்பிறப்பாக்கிகள் சுழலிக் கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தில் வைக்கப்பட்டிருந்தன. அவை நீருள் மூழ்கின. மறுநாள் முதலாம் உலையின் கட்டடம் ஐதரசன் வாயுவால் வெடித்தது. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடு வாசலை விட்டுப் பெயர்ந்தனர்.

அவ்வுலையைக் கெடுத்தது அதன் மூப்பன்று, கடலே என்று கூறுவோர் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் ஓர் இயந்திரம் இரண்டு வகையாக மூப்படைகிறது. அதன் இரும்பும் குழாயும் தேய்வது ஒன்று. அதனை வரைந்தவர்கள் அன்று கொண்டிருந்த அறிவு பின்வந்த அறிவுக்குப் பின்தங்கிப் போவது மற்றொன்று. தைஇச்சி நிலையம் ஏறத்தாழ ஆறு மீற்றர் உயரமான அலையையே எதிர்பார்த்து நின்றது. 2008 ஆம் ஆண்டிலேயே அதன் உரிமையாளர் செய்த உட்கணக்கொன்று 15.7 மீற்றர் வரை அலை எழக்கூடும் எனக் காட்டியது. அக்கணக்கு மேசைமேற் கிடந்தது, மதில் உயரவில்லை. 2011 பெப்ரவரியில் நிகழ்ந்த ஆராய்ச்சியோ பொருள்களின் தேய்வைப் பற்றியது. அலையின் உயரத்தைப் பற்றியதன்று. நாற்பது வயது உலையை மேலும் இயக்கலாமா என்ற வினாவுக்கு விடை தந்தவர்கள், அவ்வுலையை அடுத்த மாதமே அழிக்கவிருந்த வினாவைக் கேட்கவே இல்லை. அம்முகவரகமோ அணுமின்னை வளர்க்கும் பொறுப்புடைய பொருளாதார, வர்த்தக, கைத்தொழில் அமைச்சின் கீழேயே இருந்தது. வளர்ப்பவனும் தடுப்பவனும் ஒரே வீட்டிற் குடியிருந்தனர். பாராளுமன்றம் அமைத்த விசாரணைக்குழு 2012 ஜூலையில் தன் அறிக்கையை வெளியிட்டபோது, அவ்விபத்து மனிதரால் விளைந்தது என்றே தீர்ப்பளித்தது.

இத்துணையும் பட்டபின்னரே 2012 ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. அணுவுலையின் ஆயுள் நாற்பது ஆண்டு. வேண்டின் ஒருமுறை மாத்திரம், இருபது ஆண்டுக்கு மேற்படாமல், நீடிப்புக் கேட்கலாம். அமைச்சின் பிடியினின்று விலகிய புதிய அணு ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை அவ்வாண்டு செப்டெம்பரில் நிறுவப்பெற்றது. நீடிப்பு என்பது மிக அரிய புறநடையாகவே இருக்கும் என அரசாங்கத்தார் அன்று மக்களுக்குக் கூறினர். ஊரிழந்தோர் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் கூறிய சொல் அது.

பின்னர் நிகழ்ந்ததைக் காண்போம். 2016 ஜூனில் தகஹாமா முதலாம், இரண்டாம் உலைகளுக்கு நீடிப்பு. அவ்வாண்டு நவம்பரில் மிஹாமா மூன்றாம் உலைக்கு. 2018 இல் தோக்காய் இரண்டாம் உலைக்கு. 2023 இல் தென்பகுதியிலுள்ள செந்தாய் நிலையத்தின் இரண்டு உலைகளுக்கும். 2024 இல் தகஹாமா மூன்றாம், நான்காம் உலைகளுக்கு. கேட்டவை எட்டு, கொடுத்தவையும் எட்டு. இலாபம் தாரா எனக் கண்ட சில பழைய உலைகளை உரிமையாளர் தாமே மூடினர் என்பது உண்மை. ஆனால் நீடிப்பு வேண்டுமெனக் கேட்டு வந்தவர் எவரும் வெறுங்கையோடு திரும்பவில்லை.

இவற்றுள் முன்னின்றது தகஹாமா முதலாம் உலை. யப்பான் கடலின் ஓரத்தில், மலையும் நீரும் பின்னிக் கிடக்கும் வகாசா விரிகுடாக் கரையில் அது நிற்கிறது. ஒசாகா, கியோத்தோ ஆகிய பெருநகரங்களுக்கு ஒளியூட்டும் கன்சாய் மின்சாரக் கம்பனியின் உடைமை. 1974 நவம்பர் 14 ஆம் நாள் பணி தொடங்கிற்று. 2011 சனவரியில் வழமையான சோதனைக்காக நிறுத்தப்பட்டு, புகுஷிமா அழிவின் காரணமாகப் பன்னிரண்டு ஆண்டு வாளா கிடந்து, 2023 ஜூலையில் மீண்டும் இயங்கியது. 2024 நவம்பரில் அதற்கு ஐம்பது வயது நிறைந்தது. யப்பானில் இயங்கிக்கொண்டே ஐம்பதைக் கடந்த முதல் உலை அதுவே. முன்னர்ப் பெற்ற நீடிப்பு 2034 நவம்பர் வரை செல்லும்.

அணுவுலையின் மூப்பு எங்கே உறைகிறது என்பதை நம் மாணவரும் அறிதல் நன்று. பௌதிகவியல் பயில்வோர்க்கு இது அரிய பாடமுமாகும். உலையின் உள்ளத்தே எரிபொருளைத் தாங்கி நிற்பது தடித்த உருக்கினாலாய அமுக்கக் கலன். மற்றைய உறுப்புகளிற் பெரும்பாலானவற்றை மாற்றலாம். நீராவி பிறப்பிக்கும் பெருங்கலங்களையுங்கூட மாற்றியிருக்கிறார்கள். அமுக்கக் கலனை மாற்றுவாரில்லை. அது கெடின் உலை முடிந்தது. அணுக்கள் பிளவுபடும்போது புறப்படும் நியூத்திரன்கள் ஆண்டுக்கணக்காக அவ்வுருக்கின்மீது மோதி, உள்ளிருக்கும் அணுக்களின் ஒழுங்கைச் சிதைக்கின்றன. உருக்கில் செம்பு சிறிது கலந்திருப்பின் கேடு விரைந்து வளரும். அறுபது எழுபதுகளில் வார்த்த உருக்கிற் செம்பின் கலப்பு மிகுதி. அதன் தீமை பின்னரே தெளிவாயிற்று. வளையும் இயல்புடைய உருக்கு நாளடைவில் நொறுங்கும் இயல்பை அடைகிறது. குறித்த ஒரு வெப்பநிலைக்கு மேலே அது வளையும். கீழே கண்ணாடிபோல் உடையும். கலன் புதிதாயிருக்கையில் இவ்வெல்லை தாழ்ந்திருக்கும். மூக்க மூக்க மேலேறும்.

கென்காய் என்னும் நிலையத்தின் முதலாம் உலையில் எடுத்த அளவுகளைக் கேளுங்கள். 1976 இல் 35 பாகை செல்சியசு. 1980 இல் 37. 1993 இல் 56. 2009 இல் 98. முதல் பதினேழு ஆண்டில் ஏறியது 21 பாகை. அடுத்த பதினாறு ஆண்டில் 42. அறிஞர் இவ்வளவை எதிர்பார்க்கவில்லை. தகஹாமா முதலாம் உலையில் அதே 2009 இல் கண்டது 95 பாகை. விபத்தொன்று நேர்ந்து, கொதித்துக்கொண்டிருக்கும் கலத்துள் அவசரமாகக் குளிர்நீரைப் பாய்ச்ச நேரும்போது இவ்வெண்ணின் பொருள் விளங்கும். சூடேறிய கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வார்த்த அனுபவம் எவர்க்கும் உண்டு. அந்நிலையிலும் கலன் தாங்கும் என்று கம்பனியார் கணக்குக் காட்டினர். அதிகாரசபை அதனை ஏற்றது. கணக்குக்கு ஆதாரமாவன, கலத்தின் உட்புறத்தே தொடக்கத்தில் வைத்த சிறு மாதிரித் துண்டுகள். அவற்றை இடையிடையே எடுத்து உடைத்துப் பார்ப்பர். நாற்பது ஆண்டுக்கென எண்ணி வைத்த துண்டுகள் அறுபது ஆண்டுக்குச் சான்று சொல்லவேண்டியிருக்கிறது. கலத்தின் சுவர் எவ்வாறு உள்ளது என்பதை அச்சுவரையே உடைத்துப் பார்த்து அறிதல் எவர்க்கும் இயலாது.

கண்ணுக்கு எட்டாத உறுப்பின் நிலை இது. கண்ணுக்கு எட்டும் உறுப்பையேனும் பார்த்தார்களா? இக்கம்பனியின் மிஹாமா நிலையம் தகஹாமாவை அடுத்து, அதே விரிகுடாக் கரையில் உள்ளது. அங்கே மூன்றாம் உலை 1976 இல் தொடங்கியது. 2004 ஓகத்து 9 ஆம் நாள், உலை இயங்கிக்கொண்டிருக்கையிலேயே, வரவிருந்த சோதனைக்கு ஆயத்தஞ் செய்வதற்காகக் கூலிக்கு வந்த தொழிலாளர் சுழலிக் கட்டடத்துள் நின்றனர். மேலே சென்ற பெருங்குழாய் ஒன்று வெடித்துக் கொதிநீரும் நீராவியும் அவர்கள்மேற் கொட்டின. ஐவர் மாண்டனர், அறுவர் காயமுற்றனர். அக்குழாயின் சுவர் தொடக்கத்தில் 10 மில்லிமீற்றர் தடிப்புடையது. வெடித்த இடத்தில் ஒன்றரை மில்லிமீற்றரும் இல்லை. இருபத்தெட்டு ஆண்டாக ஓடிய நீர் உள்ளிருந்தே அரித்திருந்தது. இருபத்தெட்டு ஆண்டில் ஒருமுறையேனும் அவ்விடத்தை எவரும் அளந்து பார்க்கவில்லை. காரணம் வியப்புக்குரியது. சோதிக்கவேண்டிய இடங்களின் பட்டியலை எழுதியபோது அவ்விடம் விடுபட்டுப் போயிற்று. முந்திய ஆண்டில் விடுபாடு தெரியவந்தும், அடுத்த சோதனையிற் பார்க்கலாம் என்று விடப்பட்டது. அச்சோதனை தொடங்கவிருந்த நாள் ஓகத்து 14.

அது கதிர்வீச்சில்லாத பகுதி, அதனை அணுவிபத்தெனல் தகாது என்பர் கம்பனியார். சொல்லளவில் அவர் பிழைகூறவில்லை. மாண்ட ஐவருக்கு அவ்வேறுபாட்டால் விளைந்த நன்மை யாது என்பதை அவர்தாம் சொல்லவேண்டும். நாம் கவலுவது பட்டியலைப் பற்றி. ஆயிரக்கணக்கான உறுப்புகளையுடைய இயந்திரத்தில், மூப்பின் தீமை பெரும்பாலும் பட்டியலில் இல்லாத இடத்திலேயே வந்து உட்காரும். அனுமதியைப் புதுப்பிப்பவர்களோ பட்டியலைப் பார்த்தே புதுப்பிக்கிறார்கள். அந்த மிஹாமா மூன்றாம் உலைக்கும் அறுபது வயது வரை இயங்க ஒப்புதல் கிடைத்திருக்கிறது. 2021 இல் மீண்டும் இயக்கப்பட்டது.

பழமையை நாம் இகழ்பவரல்லேம். பழைய ஏட்டையும் பழைய கோயிலையும் போற்றி வாழ்பவர்கள் அதனை இகழ்தல் எங்ஙனம்? மன்னாரிலே கட்டுக்கரைக் குளம் எத்தனையோ நூற்றாண்டு கண்டது. இன்றும் வயலுக்கு நீர் தருகிறது. ஆனால் குளத்தின் மூப்பு வெளிப்படையானது. அணைக்கட்டிற் கசிவு கண்டால் கமக்காரன் தன் காலாலே அறிவான்; மாரிக்கு முன்னர் மண்வெட்டி எடுத்துச் சென்று அடைப்பான். துருசு பழுதாயின் கழற்றி வேறு வைப்பான். கண்டு, தொட்டு, திருத்தத்தக்க பொருள் எத்துணைக் காலமும் வாழலாம். யப்பானியரும் இதனை அறியாதவரல்லர். அவர்தம் இசே என்னும் பெருங்கோயிலை இருபது ஆண்டுக்கொருமுறை முற்றாகப் புதிய மரத்தாற் கட்டி, தெய்வத்தை இடம்பெயர்த்து வைப்பது தொன்றுதொட்ட வழக்கு. 2013 இல் நிகழ்ந்தது அறுபத்திரண்டாம் முறை. மரத்தாற் செய்த கோயிலுக்கு இருபது ஆண்டை அளவாக வைத்த மக்கள், தொடவும் காணவும் இயலாத உருக்குக் கலத்துக்கு அறுபது ஆண்டும் போதாதென்பது எமக்கு விளங்கவில்லை.

போதாதென்றே இப்போது சொல்கிறார்கள். 2023 மே மாதத்தில் யப்பானியப் பாராளுமன்றம் வேறொரு சட்டம் இயற்றியது. அது 2025 ஜூனில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அறுபது ஆண்டு என்ற மேலெல்லை பெயரளவில் நிற்கிறது. ஆனால் பாதுகாப்பு மீளாய்வுக்காகவோ, நீதிமன்றத் தடையாலோ, இவைபோன்ற காரணங்களாலோ உலை நின்றிருந்த காலத்தை அவ்வறுபதினின்று கழித்துக்கொள்ளலாம். கழித்தால் எழுபதையும் எட்டக்கூடும். தகஹாமா முதலாம் உலை பன்னிரண்டு ஆண்டு நின்றதென்பதை மேலே கூறினோம். அக்காலத்தைக் காட்டி 2034 க்குப் பின்னும் நீடிப்புக் கேட்க இச்சட்டம் வழிசெய்கிறது.

இதனினும் கொடியது மற்றொரு மாற்றம். உலையின் ஆயுளைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் சட்டத்தினின்று எடுக்கப்பட்டு, மின்தொழிற் சட்டத்துள் வைக்கப்பட்டுவிட்டது. இனி நீடிப்பை வழங்குபவர் பொருளாதார, வர்த்தக, கைத்தொழில் அமைச்சர். முப்பது ஆண்டு கடந்த உலைகளைப் பத்தாண்டுக்கு ஒருமுறை அதிகாரசபை சோதித்துப் பார்க்கும். ஆயுளின் எல்லையைப் பற்றி அது பேசாது. 2011 பெப்ரவரியில் ஒப்புதல் பிறந்த அதே வீட்டுக்கு அதிகாரம் திரும்பிச் சென்றுவிட்டது. அழிவு கற்பித்த பாடத்தை எழுதிவைத்த பலகை பன்னிரண்டு ஆண்டில் துடைக்கப்பட்டது.

அதிகாரசபையின் ஐந்து உறுப்பினருள் ஒருவர் மட்டும் இதனை ஒப்பவில்லை. நிலவியல் அறிஞரான இஷிவத்தாரி அக்கிரா, புதிய அறிவியல் உண்மை எதனாலும் இம்மாற்றம் எழவில்லை என்பதையும், இதனாற் பாதுகாப்பு மிகப் போவதில்லை என்பதையும் எடுத்துக் காட்டினார். ஏனையோரைப் போலத் தலையசைத்திருக்கலாம், அசைக்கவில்லை. 2023 பெப்ரவரி 13 ஆம் நாள் நால்வருக்கு ஒருவர் என்ற வாக்கெடுப்பில் அவர் தோற்றார். ஒருமனதாகவே முடிவு செய்து பழகிய சபையில் வாக்கெடுப்பு நேர்ந்ததே பெரிது. மாணவர்கள் அறியவேண்டிய பெயர்களுள் அதுவும் ஒன்று என்று கருதுகிறோம்.

நின்ற காலத்தைக் கழிப்பது நியாயமே என வாதிப்போர்க்கு ஓரிடத்தில் வலுவுண்டு. உலை நின்றால் நியூத்திரன் மோதல் இல்லை. அமுக்கக் கலத்தின் நொறுங்குந் தன்மை அக்காலத்தில் வளர்வதில்லை. இதனை மறுக்கமாட்டோம். ஆனால் உலை என்பது கலன் மட்டுமா? கொங்கிறீற்றுச் சுவரும், கட்டளையைச் சுமந்து செல்லும் வடங்களின் உறையும், மூட்டுகளை இறுக்கும் இறப்பரும் நின்றபோதும் மூக்கின்றன. உதிரிப்பாகம் செய்து தந்த தொழிற்சாலைகள் மூடப்படுகின்றன. உலையை அதன் இளமையில் இயக்கி, அதன் குணமறிந்த முதியோர் ஓய்வுபெற்றுப் போகின்றனர். பன்னிரண்டு ஆண்டு உறங்கியவனுக்கு அப்பன்னிரண்டு வயதும் ஏறவில்லை என்று பிறப்புப் பதிவாளர் ஒருவரும் எழுதமாட்டார்.

நாற்பது என்னும் எண்ணே பொறியியற் கணக்கால் வந்ததன்று என்று இன்னொரு வாதம் உண்டு. அமெரிக்க நாட்டில் 1954 ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பத்திரத்துக்கு நாற்பது ஆண்டெனக் குறித்தது பொருளாதாரக் காரணங்களை நோக்கியே என்பதும், அங்கே இன்று பல உலைகளுக்கு அறுபதும் சிலவற்றுக்கு எண்பதும் அளிக்கப்பட்டிருக்கின்றன என்பதும் மெய். ஆயினும் யப்பானின் நாற்பது வேறு. அது அழிவுக்குப் பின் அரசு தன் மக்களுக்குக் கொடுத்த வாக்கு. வாக்கிற் கூறிய எண் எக்கணக்கால் வந்ததென்று பின்னர் ஆராய்ந்து, ஆதலின் அது எம்மைக் கட்டுப்படுத்தாது என்பது கடன்பட்டவன் பேசும் பேச்சு. நில அதிர்வு மிகுந்த தீவின் கணக்கை அமெரிக்கப் பெருநிலத்தின் கணக்கோடு ஒப்பிடுதலும் ஆகாது.

இனி, வலிய வாதத்துக்கு வருவோம். உலகம் வெப்பமடைகிறது, நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதைக் குறைத்தல் வேண்டும், 2022 இல் உக்கிரேன் போர் மூண்டபின் எரிவாயுவின் விலை எங்கும் ஏறியது, சொந்த எரிபொருள் மிகக் குறைந்த யப்பான், கட்டி முடித்த உலையை ஏன் மூடவேண்டும்? இக்கேள்வியைச் சிரித்துத் தள்ளுதல் அறிவுடைமையாகாது. ஓடுகின்ற அணுவுலை கரியமில வாயுவை வானில் விடுவதில்லை. அணுமின்னையே வேண்டாமென்பார் கூற்றை இங்கே நாம் எடுத்துக்கொள்ளவுமில்லை. அது தனியே ஆராயத்தக்கது. எமது மறுப்பு சுருக்கமானது. மின்சாரம் எவ்வளவு தேவை என்பது ஒரு வினா. இந்தக் கலத்தின் உருக்கு எந்நிலையில் உள்ளது என்பது வேறு வினா. முன்னதன் விடை பின்னதன் விடையாகாது. ஊருக்குப் பேருந்து மிக வேண்டியிருக்கிறதென்பதனால், தடுப்புத் தேய்ந்த பேருந்துக்குத் தகுதிச் சான்றிதழ் எழுதிக் கொடுப்பாருளரோ? ஆயுள் நீடிப்பை மின்தொழிற் சட்டத்தினுள் வைத்தவர்கள் இவ்விரு வினாவையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். எரிபொருள் விலை ஏறுந்தோறும் பழைய உலையின் தகுதியும் ஏறும் என்பதே அதன் பொருள்.

ஒப்புதல் அளித்தவர் யார், ஆபத்தைச் சுமப்பவர் யார் என்பதும் நோக்கற்பாலது. தகஹாமாவின் பழைய உலைகளை மீள இயக்குவதற்கு 2021 ஏப்ரலில் புகுய் மாகாண ஆளுநர் இசைவு தந்தார். நாற்பது கடந்த உலைகளுக்கு இசைவு தரும் மாகாணத்துக்கு, நிலையம் ஒன்றுக்கு 250 கோடி யென் வரை புதிய உதவித்தொகை தருவதாக மத்திய அரசு முன்னரே கூறியிருந்தது. இசைவும் தொகையும் ஒரே பருவத்தில் வந்தன. ஆனால் காற்று மாகாண எல்லையை அறியாது. தகஹாமாவினின்று முப்பது கிலோமீற்றருக்குள் கியோத்தோ மாகாணத்து மைசுரு நகரம் உள்ளது. அம்மாகாணத்தின் இசைவு கேட்கப்படுவதில்லை. தெற்கே சீகா மாகாணத்திலுள்ள பீவா ஏரி ஏறத்தாழ ஒரு கோடியே நாற்பது இலட்சம் மக்களுக்கு நீர் தருகிறது. அவர்கள் இசைவும் கேட்கப்படுவதில்லை. 2019 இல் வேறொரு செய்தியும் வெளிவந்தது. தகஹாமா நகரின் முன்னாள் உதவி முதல்வர் ஒருவரிடமிருந்து கன்சாய் கம்பனியின் மேலோர் பல்லாண்டாகப் பணமும் பொருளும் பெற்றிருந்தனர். மறு ஆண்டு வந்த விசாரணை அறிக்கை பெற்றவர் எழுபத்தைவர் என்றும், பெற்றது ஏறத்தாழ 36 கோடி யென் என்றும் கூறிற்று. உலை பாதுகாப்பானது என்று கணக்குக் காட்டிய கம்பனி இதுவே என்பதை மறத்தலாகாது.

2024 ஆம் ஆண்டின் முதல் நாளன்று அக்கடற்கரையின் வடக்கே நோத்தோ தீபகற்பம் 7.6 அளவில் நடுங்கியது. சில இடங்களிற் கடற்கரையே நான்கு மீற்றர் வரை மேலெழுந்தது. தெருக்கள் பிளந்தும் மலைச்சரிவால் மூடுண்டும் ஊர்கள் பல நாட்கணக்கில் தனித்துக் கிடந்தன. நோத்தோவின் முனையில், சுசு என்னுமிடத்தில், ஓர் அணுமின் நிலையம் அமைக்க முன்னர் எண்ணியிருந்தனர். ஊரவர் எதிர்ப்பும் பிறவும் கூடி 2003 இல் அது கைவிடப்பட்டது. அந்நிலையம் அன்று அங்கே இருந்திருப்பின் மக்கள் எத்தெருவால் வெளியேறியிருப்பர்? வகாசாக் கரையின் ஊர்களும் மலைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய தெருக்களையே நம்பியிருக்கின்றன.

மக்கள் நீதிமன்றங்களையும் நாடினர். 2016 மார்ச்சில் ஒட்சு மாவட்ட நீதிமன்றம், சீகா மாகாணத்தாரின் முறைப்பாட்டை ஏற்று, தகஹாமாவின் மூன்றாம், நான்காம் உலைகளை இயக்கவொண்ணாதெனத் தடைவிதித்தது. இயங்கிக்கொண்டிருந்த உலையை யப்பானில் ஒரு நீதிமன்றம் நிறுத்தியது அதுவே முதன்முறை. மறு ஆண்டு மேல்நீதிமன்றம் தடையை நீக்கியது. முதலாம் உலையின் நீடிப்பை எதிர்த்து நகோயாவில் தொடுத்த வழக்கை 2025 மார்ச் 14 ஆம் நாள் அந்நகர மாவட்ட நீதிமன்றம் தள்ளிவிட்டது. நீதிபதிகள் அதிகாரசபையின் ஆய்வில் குறை காணவில்லை. ஆய்வின் நடைமுறையில் பிழையில்லை என்பதும் உருக்கில் பிழையில்லை என்பதும் ஒன்றாமோ என்பது எமது ஐயம்.

தூரத்து யப்பானைப் பற்றி யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் ஏன் கவலவேண்டும் என்று வினவலாம். 2004 திசெம்பர் 26 ஆம் நாள் முல்லைத்தீவிலும் மருதமுனையிலும் நம் உறவினரைக் கொண்டுசென்ற அதே ஆழிப்பேரலை, எதிர்க்கரையில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் நீரேற்றும் நிலையத்துள்ளும் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அதனை இயக்கியோர்க்கு நன்றி கூறவேண்டும். அந்நிலையத்தின் முதல் உலை 1984 இல் பணி தொடங்கியது. அதுவும் நாற்பதைக் கடந்துவிட்டது. அங்கே ஆயுள் நீட்டும் வினா எழும்போது அதனை எந்நெறியால் ஆராய்வர் என்பது, இடையே ஒரு கடலை மட்டும் வைத்து வாழும் நமக்கு அயலார் வழக்கன்று.

யப்பானிய அரசினரிடம் நாம் எதிர்பார்ப்பவை பெரியனவல்ல. நின்ற காலத்தைக் கழிக்கும் பிரிவை நீக்குக. ஆயுளை முடிவுசெய்யும் அதிகாரத்தை அமைச்சினின்று எடுத்து, 2012 இல் இருந்தவாறே அதிகாரசபையிடம் மீளக் கொடுக்க. முப்பது கிலோமீற்றருக்குள் வாழும் மாகாணங்கள் யாவற்றின் இசைவையும் கேட்க. மாதிரித் துண்டுகளின் சோதனை முடிவுகளை, கம்பனியோடு தொடர்பில்லாத அறிஞர் ஆராயும்படி முழுமையாக வெளியிடுக. இவை செய்யப்படும்வரை தகஹாமா முதலாம் உலையை நிறுத்திவைத்தலே முறை. மூடுதல் இயலாத காரியமன்று. 2015 மார்ச்சில் ஐந்து பழைய உலைகளை மூடுவதென உரிமையாளர் தாமே முடிவு செய்தனர்; 98 பாகையைக் காட்டிய கென்காய் முதலாம் உலையும், இதே கன்சாய் கம்பனியின் மிஹாமா முதலாம், இரண்டாம் உலைகளும் அவற்றுட் சேர்ந்தவை. செலவு மிகுமென்று கண்டு அவற்றை மூடினர். அன்று செலவுக்காக எடுத்த அதே முடிவை, தகஹாமாவில் மைசுரு மக்களுக்காகவும் பீவா நீரைக் குடிப்போருக்காகவும் எடுக்குமாறு கேட்கிறோம்.